ஆறில் ஒன்று உலர்ந்திருக்கட்டும்

க்றீச். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் க்றீச்.

போன வாரம் கண் டாக்டரைப் பார்க்கப் போய் வராந்தாவில் காத்திருந்தேன். எதிரே ஒரு பிரம்பு நாற்காலியில் கனத்த மனிதர் ஒருவர் தொடையை ஆட்டிக்கொண்டே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் ஆட்ட ஆட்ட, மரச்சட்டத்துக்கும் பின்னலுக்கும் நடுவிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. என் டோக்கனை இரண்டு தடவை கூப்பிட்டார்களாம். எனக்குக் கேட்கவே இல்லை. நான் அப்போது மலையில் இருந்தேன். ஒரு நாற்காலி நாலு பேர் தோளில் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது, அடிக்கு ஒரு க்றீச். அந்தச் சத்தம் எங்கே கேட்டாலும் என் வலது கை, நான் உட்கார்ந்திருக்கும் இருக்கைக்கு அடியில் தானாகப் போய்க் கயிற்றைத் தேடும். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

பிரம்பு நாற்காலி துடைக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் அடுத்த வாரம் மலைக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். முன்பு எஸ்டேட் பங்களாக்கள் மட்டும்தான் நம்மைக் கூப்பிடும். இப்போது சரிவெல்லாம் தங்கும் விடுதிகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் பிரம்பு நாற்காலி. மூடுபனி வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும், பூஞ்சையை விட்டுவிட்டுப் போகும். உங்களுக்கு வேலைக்குக் குறைவிருக்காது. எனக்கு முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை, பின்னலின் கட்டங்களைக் கண் தப்பாகச் சொல்கிறது. அதனால் இரண்டு வருடமாகக் கீழேயே இருக்கிறேன். உட்கார்ந்த இடத்தில் உட்கார எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆயுசெல்லாம் நாற்காலியோடு கழித்தவளுக்கு இது ஒரு வேடிக்கை.

எப்படித் தேய்ப்பது, எந்தச் சோப்பு, எந்தத் துணி என்பதெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. போனைத் திறந்தால் அதைச் சொல்ல ஆயிரம் பேர். உங்களுக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன், பின்னால் வருவது அதை வைத்துத்தான். பிரம்பின் மேல்பக்கம் வழவழப்பு, தண்ணீர் குடிக்காது. அடிப்பக்கம் சொரசொரப்பு, குடிக்கும். தொய்ந்துபோன இருக்கையைக் கவிழ்த்து அடியில் வெந்நீர் ஒற்றினால் பிரம்பு வயிறு முட்டக் குடித்துத் தளரும். நிழலில் மெதுவாகக் காய்ந்தால் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு இறுகும், தட்டினால் தவில் மாதிரி. நடுவில் ஒரு நாள் இருக்கிறதே, அந்த ஒரு நாள் அதில் யாரும் உட்காரக் கூடாது. ஈரப் பிரம்பு பார்க்க அழகாக இருக்கும், ஆளைத் தாங்காது.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த சமயம். ஒன்பது நாள் விடாமல் மழை. பத்தாம் நாள் விடிகாலை போடியில் ஜீப்பு ஏறும்போது வானம் கழுவிவைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. ஜீப்பு முழுக்க ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள், ராசிங்காபுரத்துக்காரர்கள் பாதிப் பேர். மடிமேல் மடியாக உட்கார்ந்திருந்தோம். என் பையில் இருந்த பிரஷ் பாண்டியம்மாவின் விலாவில் குத்தியது. பாண்டியம்மா அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி. நாற்பது வயது, குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

“ஏங்க்கா, நாங்க காயெடுக்கப் போறோம். நீங்க மொதலாளி உக்காந்த எடத்தத் தொடைக்கப் போறீகளாக்கும்?”

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். “உக்காந்தவுக எந்திரிச்சதுக்கப்பறம்தான் தொடைப்பேன், பயப்படாத.”

மலை உச்சியான மெட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஜீப்பு நின்றுவிட்டது. ராத்திரி மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு மேல நடராஜா சர்வீசுதான் தாயி” என்றார். முக்கால் மணி நேரம் ஏறினோம். ஒற்றையடிப் பாதை, வழுக்குப் பாறை, நடுவில் முழங்கால் அளவு ஓடை, காலில் அட்டை. அந்தப் பாதையில் மூச்சு வாங்க ஏறினேனே, அப்போது ஒரு கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பாதை இப்படி மூடிக்கொள்ளும் நாளில், நடக்க முடியாத ஒருவரை இங்கிருந்து எப்படி இறக்குவார்கள்? தோன்றவில்லை. நான் வெயிலை நினைத்துக்கொண்டிருந்தேன். மலைக்காரர்களுக்கும் மலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் மழைக்காலத்தில் ஒரே பேராசைதான். வெயில் தலைகாட்டினால் இருப்பதையெல்லாம் அன்றைக்கே வெளியே எடுத்துப் போட்டுவிட வேண்டும்.

பங்களாவில் ஆறு நாற்காலிகள். எஸ்டேட் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் ரைட்டர் வாசலிலேயே நின்றார். மலையாளம் பாதி, தமிழ் பாதி பேசும் ஆள்.

“சேச்சி, நாளைக்கு மொதலாளி வரும், கூட விருந்துக்காரும் உண்டு. ஆறும் சரியாக்கணும்.”

ஐந்து நாற்காலிகள் ஒரே அச்சு. ஆறாவது தனி. கை வைக்கும் பலகை அகலம், சட்டம் தடிமன், தூக்கினால் கன்றுக்குட்டி கனம். அதன் நாலு கால்களிலும், இருக்கைச் சட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு விரல் ஆழத்துக்குச் சுற்றிலும் பள்ளம் தேய்ந்திருந்தது. யாரோ நாயைக் கட்டிப்போட்டு வளர்த்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். நாலு காலிலும் நாலு நாயா என்று என்னை நானே கேட்கவில்லை. அந்த நாற்காலியைப் பார்த்து மனசு இளகியது. நல்ல மரம், இப்படியா வைத்திருப்பார்கள் என்று பள்ளங்களில் லப்பம் வைத்து அடைத்தேன். தேய்த்தேன். மெழுகு போட்டு மெருகேற்றினேன். காலை ஒன்பது மணிக்கு அந்தக் கால்களில் காயம் இருந்த இடமே தெரியவில்லை. உள்ளூர ஒரு கர்வம்.

சமையல்கட்டிலிருந்து முத்தையா அண்ணன் கட்டன் சாயா கொண்டுவந்தார். சமையலும் அவர்தான், காவலும் அவர்தான். அறுபதை ஒட்டிய வயது. என்னை ஆத்தா என்பார். எல்லாரையும்தான் அப்படிக் கூப்பிடுவார். கதவு நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு என் வேலையைப் பார்த்தார்.

“ஆத்தா, அந்தக் கை அகலச் சேர மட்டும் இன்னைக்கு நனைக்காத. மத்த அஞ்சும் காயட்டும். அத நாளைக்குப் பாத்துக்கிருவோம்.”

“ஏண்ணே, அது உங்க சேரா?”

“நம்ம எல்லாருக்கும்தேன். அது ஒண்ணு எப்பவும்...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். நிலையைப் பிடித்தபடி நின்றார்.

அவர் முடிப்பதற்கு நான் காத்திருந்திருக்கலாம். ஒரு வாய் சாயா குடிக்கும் நேரம். அதற்குள் எனக்கு அவசரம். “வெயிலு என்ன உங்க வீட்டு வேலக்காரனாண்ணே, நாளைக்கும் வான்னா வர? எஞ்சோலிய எனக்குத் தெரியும், போய் நீங்க வெங்காயத்த நறுக்குங்க” என்றேன். அவர் சிரித்தார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

பத்து மணிக்கு ஆறு இருக்கைகளும் கவிழ்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தன. ஈரப் பிரம்பின் வாசனை, அவிந்த நெல்லும் பழைய கூடையும் கலந்தது மாதிரி, முற்றம் முழுக்க நின்றது. பக்கத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து ஏலக்காய் சூட்டில் காய்கிற மணம். இரண்டுக்கும் நடுவில் நான், உலகத்திலேயே நல்ல வேலை என்னுடையதுதான் என்ற நினைப்போடு.

சமையல்கட்டில் ஒரு குண்டான் விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை. அது உருண்டு முடிகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஓடினேன்.

முத்தையா அண்ணன் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வேர்த்துக் கொட்டியது. நெஞ்சில் கை. படுக்கவைக்கப் பார்த்தேன். படுத்ததும் தண்ணீரில் முங்குகிறவரைப் போல என் கையைப் பிடித்து எழுந்துகொண்டார்.

“படுத்தா... மூச்சு அடைக்குது ஆத்தா.”

ரைட்டர் வெளியே ஓடி, வேலை முடிகிற நேரத்துக்கு ஊதும் விசிலை விடாமல் ஊதினார். ஏலச்செடிகளுக்குள்ளிருந்து பெண்கள் இடுப்பில் கட்டிய சாக்கோடு ஓடிவந்தார்கள். ஆண்கள் பெரும்பாலும் மருந்தடிக்க எதிர்மலைக்குப் போயிருந்தார்கள். ஸ்டோரில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் செல்வம் மட்டும் வந்தான். பாண்டியம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரே பார்வை. ஒருத்தியைப் பார்த்து, “ஏ, நீ சிக்னல் பாறைக்கு ஓடு. சரிவுக்கு அந்தப் பக்கம் ஜீப்பு நிக்கணும்னு போன் போட்டுச் சொல்லு” என்றாள். மற்றவர்களைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை.

“சேரக் கொண்டாங்கடி!”

எந்தச் சேர் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பெண்கள் முற்றத்துக்கு ஓடி, கை அகலமான அந்த ஆறாவது நாற்காலியை நிமிர்த்தினார்கள். செல்வம் ஸ்டோர் கூரைக்கு அடியில் செருகியிருந்த இரண்டு நீள மூங்கில்களை உருவிக்கொண்டு வந்தான். ஒருத்தி தேங்காய்நார்க் கயிற்றை அவிழ்த்தாள். நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கிலை வைத்துக் கால்களோடு சேர்த்துக் கட்டித் தோளில் தூக்குவது அங்கே வழக்கம். அந்த எஸ்டேட்டில் பாதை மூடிய நாள்களில் நடக்க முடியாத எல்லாரும் அப்படித்தான் இறங்கியிருக்கிறார்கள். கயிறு எடுத்தவள் குனிந்து காலைத் தடவினாள். மறுபடி தடவினாள்.

“ஏய், பள்ளத்தக் காணோம்டி! கயிறு எங்குட்டு நிக்கும்?”

நாலு காலிலும் நாலு நாய் எதற்கு என்று அப்போது புரிந்தது. எத்தனையோ பேரை இறக்கிய கயிறு தேய்த்து உண்டாக்கிய இடம் அது. அதை நான் லப்பம் வைத்து அடைத்து மெழுகும் போட்டிருக்கிறேன்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

இருக்கை பார்க்கப் பளிச்சென்று இருந்தது. மேலே ஒரு சொட்டு ஈரம் தெரியவில்லை, குடித்ததெல்லாம் அடியில். அவர்கள் யாருக்கும் அது தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தாங்கினாலும் தாங்கும் என்று உள்ளே ஒரு குரல். அவர் ஒல்லிதானே என்று இன்னொன்று. பத்துப் பேர் முன்னால் என் தப்பைச் சொல்ல வெட்கம் விடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. ஐந்து மூச்சு இருக்கும். அவரைப் பார்த்தேன். அவருக்கு அந்த ஐந்து மூச்சு எவ்வளவு பெரிய செலவு என்று முகத்தில் தெரிந்தது.

“அதுல உக்கார வைக்காதீங்க. நான் நனைச்சுட்டேன்.”

பாண்டியம்மா திரும்பினாள். “நனைஞ்சா என்ன? வேட்டி ஈரமாயிருச்சுன்னு அவரு அழப்போறாரா?”

“ஈரமா இருக்கப்ப பிரம்பு தாங்காது. குலுங்கக் குலுங்கக் கிழியும். பாதி வழியில கீழ போயிருவாரு.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வைது தீர்க்க அவளிடம் நிறைய இருந்தது, நேரம்தான் இல்லை. “சரி, என்ன செய்யணும்? சொல்லுங்க, வெரசா.”

ரைட்டர், “ஸ்டோரில் சூட்டில் வெச்சா போதும், அர மணிக்கூர்” என்றார்.

“அரை மணி நேரம் அவருக்கு இல்ல. அந்தச் சூட்டுல வச்சா அப்பளமாப் பொரிஞ்சு நொறுங்கும்.”

“பிளாஸ்டிக் சேரு?” என்றான் செல்வம்.

“போன வருசம் அதுல தூக்கித்தானடா கால் பிளந்து, ஆளு ஓடையில கெடந்துச்சு” என்றாள் பாண்டியம்மா.

கம்பளியில் தூளி கட்டித் தூக்கலாம் என்றால் படுத்துப் போக வேண்டும். படுத்தால் மூச்சு இல்லை. உட்கார்ந்தபடி இறங்க அந்தத் தடித்த சட்டம் ஒன்றுதான் இருக்கிறது. சட்டம் பத்து ஆளைத் தாங்கும். தாங்காதது என் கைவேலை மட்டும்தான்.

பையிலிருந்து கத்தியை எடுத்தேன்.

“அய்யோ சேச்சி! எந்தா செய்யுறது? அது பழைய காலத்துச் சேர். மொதலாளி கேட்டா ஞான் எந்து பறயும்?”

“நான் அறுத்தேன்னு சொல்லுங்க.”

சட்டத்தை ஒட்டி நாலு பக்கமும் பின்னலை அறுத்தேன். காய்ந்த பிரம்பு அறுபட்டால் டப்பென்று சொல்லும். ஈரப் பிரம்பு ஒன்றும் சொல்லாது. காலையில் ஒவ்வொரு கட்டமாகத் துடைத்த பின்னல், ஒரு தோசையைப் போல என் மடியில் வந்து விழுந்தது. பாண்டியம்மாவும் நானும் கயிற்றைச் சட்டத்தின் மேல் சுற்றிச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினோம். அவலட்சணமான பின்னல், என் வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் போட்டதில்லை. மேலே இரண்டு சாக்கை மடித்துப் போட்டோம். ஒருத்தி தன் இடுப்புச் சாக்கை அவிழ்த்து அதையும் வைத்தாள். இன்னொரு பக்கம் மற்றவர்கள் கத்தியாலும் வாழைக்காய் சீவுகிற தகட்டாலும் காலில் இருந்த லப்பத்தைத் தோண்டினார்கள். காலையில் வைத்தது, முழுக்க இறுகவில்லை. என் அதிர்ஷ்டம் அதுதான். மெழுகு வழுக்கியது. அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து தேய்த்தோம். மெருகேற்றிய கால் மறுபடியும் கரிபடிந்த காலானது.

கட்டி முடித்ததும் முதலில் நான் உட்கார்ந்தேன். “தூக்குங்க. நல்லாக் குலுக்குங்க.”

தூக்கினார்கள். குலுக்கினார்கள். க்றீச் என்றது சட்டம். தோளில் தூக்கிய நாற்காலியில் அந்தச் சத்தத்தை முதல் தடவை கேட்டது அப்போதுதான்.

“போதும்க்கா, எறங்குங்க. ஓசிப் பயணம் முடிஞ்சுருச்சு” என்றாள் ஒருத்தி. அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். நம் ஆள்கள் அப்படித்தான்.

செல்வமும் ரைட்டரும் முன்னால், பாண்டியம்மாவும் இன்னொருத்தியும் பின்னால். மாற்றிக்கொள்ள ஆறு பெண்கள் கூடவே. முத்தையா அண்ணனைத் துண்டால் நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டினோம். நான் பக்கவாட்டில், ஒரு கையை இருக்கைக்கு அடியில் விட்டுக் கயிற்றைத் தொட்டபடியே நடந்தேன். பார்த்துக்கொண்டு நடந்தால் போதாதா என்று கேட்பீர்கள். கண்ணை நம்பித்தானே காலையில் கோட்டைவிட்டேன்.

க்றீச், க்றீச். ஏலச்செடிகள் இரண்டு பக்கமும் ஈரத்தை உதறின. பாண்டியம்மா மூச்சிரைக்கப் பேசிக்கொண்டே வந்தாள், அவரை விழிப்பாக வைத்திருக்க.

“ஏண்ணே, எங்களுக்கு மட்டும் தண்ணிச் சாம்பாரு ஊத்திட்டு, கெட்டியெல்லாம் நீங்கதான தின்னீக? இந்தக் கனம் கனக்குறீக!”

அவர் உதடு லேசாக விரிந்தது.

ஓடைக்கு வந்தோம். நடு ஓடையில் என் விரலுக்கு அடியில் கயிறு ஒரு பொட்டு நகர்ந்தது. கண்ணுக்குத் தெரிந்திருக்காது. “நில்லுங்க!” என்று கத்தினேன். இடது முன்னங்காலில் லப்பம் முழுக்கப் போகவில்லை. கட்டு வழுக்கிக் கால் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நான் தண்ணீரில் மண்டியிட்டு அந்தக் காலைத் தோளில் தாங்கினேன். முழங்காலில் பாறை இறங்கியது. இன்றைக்கு ஏமாற்றுகிற முழங்கால் அதுதான். ஒருத்தி கயிற்றை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். கட்டு நிற்கவில்லை. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது.

என் தலைக்கு மேலே, துண்டு துண்டாக, முத்தையா அண்ணன் குரல் வந்தது.

“அந்தக் காலு... எப்பவும் அப்படித்தேன்... ரெண்டு சுத்து... கூடப் போடு.”

அவள் இரண்டு சுற்றுக் கூடப் போட்டாள். நின்றது.

பாண்டியம்மா பின்னாலிருந்து சொன்னாள், “இதுவரைக்கும் எல்லாருக்கும் அவருதாங்க்கா கட்டிவிட்டது. அவருக்குக் கட்டத்தான் ஆளில்லாமப் போச்சு.”

மண்டியிட்ட இடத்திலேயே எனக்குக் காலைப் பேச்சு முழுசாகத் திரும்பி வந்தது. அது ஒண்ணு எப்பவும், என்று அவர் நிறுத்தியது எனக்கு விட்டுக்கொடுத்து அல்ல. அப்போதே மூச்சு போதவில்லை. கதவு நிலையில் ஊன்றிய கையைப் பார்த்துக்கொண்டே நான் வெங்காயத்தைப் பற்றிக் கேலி பேசியிருக்கிறேன். நாற்காலியின் காலில் ஒரு விரல் பள்ளத்தைக் கண்ட கண், எதிரே நின்ற மனிதரின் வேர்வையைக் காணவில்லை.

உங்களுக்கு நான் விதிகள் எழுதித் தரப்போவதில்லை. ஆனாலும் ஒன்று. ஒரு வீட்டில் இருக்கும் நாற்காலிகளை எல்லாம் ஒரே நாளில் நனைக்காதீர்கள், எவ்வளவு நல்ல வெயில் அடித்தாலும் சரி. ஆறு இருந்தால் ஒன்று உலர்ந்திருக்கட்டும். எதை உலர்வாக விடுவது என்று முதலாளியிடம் கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாது. சமையல்கட்டில் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் முடிகிறவரைக்கும் நில்லுங்கள். கறையோ கீறலோ எதைக் கண்டாலும், இது யாருக்கு எதற்கு உதவுகிறது என்று ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டபிறகு துடையுங்கள். நம் வேலையில் அழுக்குக்கும் அடையாளத்துக்கும் ஒரே நிறம்தான். பார்த்தவுடன் பிரிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. நானும் இல்லை, இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகும்.

முத்தையா அண்ணன் பிழைத்தார். கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், இருதயத்தில் அடைப்பு என்றார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு டப்பா மாத்திரையோடு மேலே வந்து, உப்புக் குறைச்சுச் சமைக்கச் சொல்லியிருக்காங்க என்று எல்லாருடைய சாம்பாரையும் கெடுத்தாராம். முதலாளி மறுநாள் வந்து, இருக்கை இல்லாமல் கயிறு சுற்றி நின்ற நாற்காலியைப் பார்த்தார். ரைட்டர் நடந்ததைச் சொன்னார். நான் அறுத்தேன் என்றுதான் சொல்லச் சொல்லியிருந்தேன், அவர் ‘நாங்கள் அறுத்தோம்’ என்று சொன்னாராம். முதலாளி நாற்காலியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, சரி, பின்னச் சொல்லுங்க என்றார். பின்னினேன். அடியில் கயிற்று வலையை அப்படியே விட்டுவிட்டு அதற்கு மேலே பின்னினேன். கால் பள்ளங்களில் மிச்சமிருந்த லப்பத்தை ஊசி வைத்து எடுத்தேன். மெழுகு போடவில்லை. இப்போது அந்தச் சேரை யார் சுத்தம் செய்கிறார்கள் என்று தெரியாது. உங்களில் ஒருவராக இருக்கலாம். கை அகலம், சட்டம் தடிமன், கன்றுக்குட்டி கனம். பார்த்தால் தெரியும்.

அந்த நாளில் மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

சரிவுக்கு அந்தப் பக்கம் ஜீப்பு உறுமிக்கொண்டு நின்றது. மண்மேட்டின் மேல் நாற்காலியை ஏற்றி இறக்கினோம். துண்டை அவிழ்த்து அவரை முன்சீட்டுக்கு மாற்றினார்கள். பாண்டியம்மா அவருக்குப் பக்கத்தில் ஏறி, தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் ஜீப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிச்சிருங்கண்ணே என்று சொல்ல நினைத்தேன். அந்த வார்த்தை வெளியே வரும் முன்னால் அவர் கையைத் தூக்கி என்னைக் கிட்டே கூப்பிட்டார். குனிந்தேன். அவருடைய கண் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், சேற்றில் தனியாக நின்ற நாற்காலியைப் பார்த்தது.

“சேர...” மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை நான் காத்திருந்தேன். “சேர வெரசா மேல கொண்டுபோயிரு. யாருக்கு எப்ப வேணும்னு தெரியாதுல்ல. நனைச்சுக்கினைச்சுப் போட்றாத, ஆத்தா.”